இயல்பும் திரிபும்: ஜிலேபி மீனை முன்வைத்துச் சில குறிப்புகள்

அம்மாவுக்குச் சினை மீன் பிடிக்கும். நாமக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனால் கெண்டையோ ஜிலேபியோ, வயிறு பருத்ததாகப் பார்த்துப் பொறுக்கி வரச் சொல்வார். சில மாதங்களுக்கு முன் அப்படிப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மீன்கார அக்கா சொன்னார்: "பண்ணை ஜிலேபியில ஏதும்மிணி சினை? அதெல்லாம் ஆம்பள மீனாவே வளத்தறாங்களாமா. சினை வேணும்னா மேட்டூர் மீனு வரட்டும், எடுத்து வெக்கறேன்."

'ஆம்பள மீனாவே வளத்தறது' என்கிற வாக்கியம் என்னை விடவில்லை. அதே வாரத்தில் நண்பர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்த ஓரிடத்தில் பால், பாலினம் பற்றி விவாதம் வந்தது. ஒருவர், "இயற்கையில் ஆண், பெண் என்று இரண்டுதான், மற்றதெல்லாம் நீங்கள் கட்டிவிட்ட கதை" என்றார். இன்னொருவர், "மீனே பால் மாறுகிறது, ஆகவே பால் என்பதே வெறும் கட்டமைப்பு" என்றார். இரண்டு பேரும் சாட்சிக்கு அழைத்தது இயற்கையைத்தான். இரண்டு பேருமே மீன்கருவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்கள் இல்லை. நானும் இல்லை. தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். 'இயல்பு', 'திரிபு' என்ற இரு சொற்களையும் இலக்கணத்திலிருந்து எடுத்து உடல்கள் மேல் போட்டுக்கொண்டிருக்கும்வரை நமக்கும் இதில் வேலை இருக்கிறது என்றே படுகிறது. அப்படிப் படித்ததில் விளங்கியதை இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

1

நம் இலக்கணம் மீனுக்கு ஆண்பால் பெண்பால் விகுதி கொடுக்கவில்லை. அஃறிணையில் ஒன்றன்பால், பலவின்பால் மட்டுமே. சினை மீனும் 'வந்தது', சினையில்லாததும் 'வந்தது'. ஆனால் தொல்காப்பியத்தின் மரபியல் விலங்குகளின் ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் தனித்தனியே அடுக்கும்போது தண்ணீருக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது: கடலில் வாழும் சுறாவுக்கு 'ஏறு' என்ற பெயர் உண்டு, நீர்வாழ்வனவற்றில் நத்தைக்கு 'நாகு' என்ற பெண்பெயர் உண்டு. கெண்டைக்கும் கெளுத்திக்கும் அன்றாடப் பேச்சில் ஆண்பெயர் பெண்பெயர் இல்லை. சினை இருந்தால் பெண், அவ்வளவுதான். பெயர் வைக்கிற அளவுக்கு அந்த வித்தியாசம் நமக்குத் தேவைப்படவில்லை போலும். பண்ணைக்காரருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. ஏன் என்பதற்குப் பிறகு வருவோம்.

2

மீனின் கருவில், பின்னாளில் முட்டையாகவோ விந்தணுவாகவோ ஆகப்போகிற மூல இனச்செல்கள் வேறோரிடத்தில் தோன்றி, நகர்ந்து வந்து, உடற்குழியின் முதுகுப்புறச் சுவரில் உள்ள ஒரு மேட்டில் தங்குகின்றன. அவற்றைச் சுற்றித் துணைச்செல்கள் சேர்கின்றன. இதுதான் இனச்சுரப்பியின் தொடக்கம். இந்தக் கட்டத்தில் அது சூலகமும் இல்லை, விந்தகமும் இல்லை. இரண்டில் எதுவாகவும் ஆகக்கூடிய ஒன்று. பாலூட்டிகளின் கருவில் இந்தச் சுரப்பிக்குப் புறப்பகுதி, உட்பகுதி என்று இரண்டு அடுக்குகள் தெரியும். எலும்பு மீன்களில் அந்தப் பிரிவு தெளிவாக இல்லை. ஒரே மூலத்திலிருந்து இரண்டு வழி போகிறது. மீன்களில் பால் இவ்வளவு நெகிழ்வாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

குரோமோசோம் தீர்மானிக்கவில்லையா என்றால், தொடங்கி வைக்கிறது. ஆனால் மீன்களில் அந்தத் தொடக்கம் ஒரே மாதிரி இல்லை. நைல் திலேப்பியாவில் நம்மைப் போல எக்ஸ்-எக்ஸ் பெண், எக்ஸ்-ஒய் ஆண். அதன் நெருங்கிய உறவான நீலத் திலேப்பியாவில் கோழியைப் போல இசட்-இசட் ஆண், இசட்-டபிள்யூ பெண். மனிதரில் ஆண்பாதையைத் தொடங்கிவைக்கும் மரபணு 1990இல் அடையாளம் காணப்பட்டது. மீன்களில் அப்படியான முதல் மரபணு 2002இல் மெடாக்கா என்ற ஜப்பானிய வயல்மீனில் கிடைத்தது. இரண்டும் வெவ்வேறு மரபணுக்கள். மெடாக்காவின் சொந்தக்கார இனங்களிலேயே அந்த வேலையை வேறு மரபணுக்கள் செய்கின்றன. தொடங்கி வைப்பவர் இனத்துக்கு இனம் மாறுகிறார். அவருக்குக் கீழே நடக்கிற வேலைதான் பெருமளவு பொதுவாக இருக்கிறது. அந்த வேலையில் ஹார்மோனுக்குப் பெரும்பங்கு.

இங்கேதான் நமக்குப் பழக்கமான ஒரு இருமை எதிர்வு சரிகிறது. டெஸ்டோஸ்டெரோன் 'ஆண் ஹார்மோன்', எஸ்ட்ரோஜன் 'பெண் ஹார்மோன்' என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் உடலில் எஸ்ட்ரோஜன் ஆண்ட்ரோஜனிலிருந்துதான் தயாராகிறது. டெஸ்டோஸ்டெரோனை எஸ்ட்ரடையோலாக மாற்றுவது அரோமடேஸ் என்ற ஒரு நொதி. அதாவது 'ஆண்' எனப்பட்ட பொருள் 'பெண்' எனப்பட்ட பொருளின் கச்சாப் பொருள். திலேப்பியாவில் கருவுற்றுப் பத்து நாளை ஒட்டியே, எக்ஸ்-எக்ஸ் குஞ்சுகளின் சுரப்பியில் இந்த நொதிக்கான மரபணு முடுக்கிவிடப்படுகிறது. எஸ்ட்ரடையோல் ஊறுகிறது, சுரப்பி சூலகமாகத் திரும்புகிறது. எக்ஸ்-ஒய் குஞ்சுகளில் அந்த மரபணு அடக்கி வைக்கப்படுகிறது; எஸ்ட்ரடையோல் இல்லாத நிலையில் சுரப்பி விந்தகமாகிறது. மீன் ஆண்களின் முக்கிய ஆண்ட்ரோஜனான பதினொரு-கீட்டோடெஸ்டோஸ்டெரோன் பெரும்பாலும் அதற்குப் பிறகே பெருகுகிறது.

பாலூட்டிகளைப் பற்றி வேறொரு கதை நெடுநாள் சொல்லப்பட்டது. 1947இல் அல்ஃப்ரெட் ஜோஸ்ட் முயல்கருக்களின் இனச்சுரப்பியை நீக்கிப் பார்த்தார். எல்லாக் கருக்களிலும் நாளங்கள் பெண்வடிவிலேயே வளர்ந்தன. இதிலிருந்து, ஒன்றும் நடக்காவிட்டால் பெண், ஏதாவது நடந்தால் ஆண் என்றொரு வாசிப்பு கிளம்பிற்று. பெண் என்பது இல்லாமை! பல மீன்களில் இது தலைகீழ். எஸ்ட்ரோஜன் ஊறிக்கொண்டே இருக்க வேண்டும்; நின்றால் பெண்மை நிற்பதில்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், முட்டையிட்டு முடித்த வளர்ந்த திலேப்பியா, மெடாக்கா பெண்மீன்களுக்கு அரோமடேஸைத் தடுக்கும் மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபோது அவற்றின் சூலகத் திசு விந்தகமாகி, விந்தும் உண்டாயிற்று. பால் என்பது கருவில் ஒருமுறை எழுதிக் கையெழுத்திட்ட பத்திரம் இல்லை, நாள்தோறும் புதுப்பிக்கப்படுவது.

3

வெளியிலிருந்து ஹார்மோன் கொடுத்து மீனின் பாலை முழுவதுமாக மாற்ற முடியும் என்று முதலில் காட்டியவர் நகோயா பல்கலைக்கழகத்தின் தோக்கியோ யமமோத்தோ. அவரிடம் இருந்த மெடாக்கா வகையில் செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு ஒய் குரோமோசோமில் இருந்தது. ஆகவே வெள்ளை மீன் என்றால் மரபுப்படி பெண், செம்மஞ்சள் என்றால் ஆண். அறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. குஞ்சுகளுக்கு எஸ்ட்ரோஜன் கலந்த தீனி கொடுத்தார். செம்மஞ்சள் மீன்கள் முட்டையிட்டன. 1953இல் இதை வெளியிட்டார்.

நம் பக்கத்தில் இந்த ஆய்வை வளர்த்தெடுத்தது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அங்கே டி. ஜே. பாண்டியனும் அவருடைய மாணவர்களும் ஜிலேபியிலும், குப்பி, மோலி, சண்டைமீன் முதலான கண்ணாடித்தொட்டி மீன்களிலும் பல ஆண்டுகள் வேலை செய்தார்கள். குப்பி குட்டி போடும் மீன். கருக்கள் தாயின் வயிற்றிலேயே வளர்கின்றன. 1993இல் வெளியான அவர்களது ஆய்வில் ஆண்ட்ரோஜனைக் குஞ்சுக்குக் கொடுக்கவில்லை. சினைத் தாய்க்குத் தீனியோடு கொடுத்தார்கள். தாய் தின்றது கருவைச் சேர்ந்து, கருவின் பாலை ஆண்பக்கம் திருப்பியது. 1995இல் கறுப்பு மோலியில், மரபுப்படி ஆணாக வேண்டிய இசட்-இசட் மீன்களைப் பெண்களாக்கிக் காட்டினார்கள்.

ஜிலேபியில் நடந்தது இன்னும் சுவாரசியம். கணக்கு இப்படி: எக்ஸ்-ஒய் குஞ்சுக்கு எஸ்ட்ரோஜன் கொடுத்தால் அது பெண்ணாகிறது. ஆனால் குரோமோசோம் எக்ஸ்-ஒய்தான். அதை வழக்கமான எக்ஸ்-ஒய் ஆணோடு சேர்த்தால் பிறப்பதில் நாலில் ஒன்று ஒய்-ஒய். மனிதக்கரு எக்ஸ் இல்லாமல் பிழைக்காது. இந்த மீன் பிழைக்கிறது. ஒய்-ஒய் ஆணைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால் பிள்ளைகள் அத்தனையும் எக்ஸ்-ஒய், அத்தனையும் ஆண். இதற்கு 'மீ-ஆண்' என்று பெயரிடலாம். வரதராஜும் பாண்டியனும் 1989இல், பெண்ணாக்கிய மீனின் முட்டையைத் தந்தையின் மரபுப்பொருள் சேராமலேயே வளரவைக்கும் உத்தியோடு ஹார்மோனை இணைத்து, ஜிலேபியில் இந்த மீ-ஆணை உருவாக்கியதாக அறிவித்தார்கள். நாம் தின்கிற மீனுக்கு ஹார்மோனே கொடுக்காமல் எல்லாவற்றையும் ஆணாக்கும் வழி இது.

பண்ணைகளில் அதிகம் புழங்குவது நேர்வழி. ஜிலேபித் தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கும். அந்த வாயிலிருந்து முட்டையை எடுத்துப் பொரிக்க வைக்கிறார்கள். குஞ்சு கருவுணவு தீர்ந்து இரை தேடும் நாளிலிருந்து மூன்று நான்கு வாரம், கிலோ தீனிக்கு ஏறக்குறைய 60 மில்லிகிராம் மெத்தில்டெஸ்டோஸ்டெரோனைச் சாராயத்தில் கரைத்து, தீனியில் கலந்து, உலர்த்திக் கொடுக்கிறார்கள். சுரப்பி இன்னும் முடிவெடுக்காத அந்த நாட்களுக்கு 'நெகிழ் காலம்' என்று பெயர் சொல்லலாம். முட்டையிலிருந்து வெளியே வந்துவிட்டாலும் இந்த விஷயத்தில் அது இன்னும் கருதான். காலம் தவறினால் பாதி விந்தகம், பாதி சூலகமாக நிற்பதும் உண்டு. அளவு தவறினால்? இங்கே ஒரு வேடிக்கை: மெத்தில்டெஸ்டோஸ்டெரோனையும் அரோமடேஸ் எஸ்ட்ரோஜனாக மாற்ற முடியும். எனவே அளவுக்கு மீறிக் கொடுத்தபோது சில இனங்களில் பெண்கள் அதிகமாகிவிட்டன. ஆணாக்கக் கொடுத்த மருந்து பெண்ணாக்கிற்று. 'ஆண் ஹார்மோன்' என்ற பெயரை மருந்தே மதிக்கவில்லை.

தின்பவருக்கு ஆபத்தா என்று அம்மா கேட்டார். குஞ்சுப் பருவத்தில் கொடுத்தது கொஞ்ச நாளில் உடலைவிட்டு வெளியேறிவிடும். விற்பனைக்கு வருவதற்குள் மாதங்கள் ஆகிவிடும். கவலைப்பட வேண்டியது அந்தத் தீனியைக் கையால் பிசைகிறவர்களையும், தொட்டியிலிருந்து வெளியே விடுகிற தண்ணீரையும் பற்றித்தான்.

4

ஒருவர் திட்டமிட்டுக் கொடுத்தால்தான் மாறும் என்பதில்லை. மீன்முட்டையின் கருவுணவிலேயே தாயின் எஸ்ட்ரடையோலும் டெஸ்டோஸ்டெரோனும் கார்டிசோலும் இருக்கின்றன. கரு தன் ஹார்மோனைத் தானே சுரப்பதற்கு முன் தாயின் ஹார்மோனில்தான் கிடக்கிறது. வெப்பமும் பேசுகிறது. திலேப்பியாக் குஞ்சுகளைத் தொடக்க வாரங்களில் 35 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் வளர்த்தால் ஆண்கள் கூடுகின்றன. வெப்பம் தசைக்கும் செதிலுக்கும் பொதுவானதாயிற்றே, பாலை எப்படித் தொடுகிறது? மெடாக்காவிலும் வேறு சில மீன்களிலும் கண்டது: சூடு குஞ்சுக்கு நெருக்கடி, நெருக்கடியில் கார்டிசோல் ஏறுகிறது, அது அரோமடேஸைக் கீழே தள்ளுகிறது. ஐரோப்பியக் கடல் கொடுவாயில் 2011இல் காட்டப்பட்டது இன்னொரு வழி: சூட்டில் வளர்ந்த குஞ்சுகளில் அரோமடேஸ் மரபணுவின் முகப்பில் வேதிக்குறிகள் ஏறி அதை மூடிவிடுகின்றன. மரபணு அப்படியே இருக்கிறது. அது வாசிக்கப்படுவதுதான் குறைகிறது.

ஆற்றுத் தண்ணீரும் பேசுகிறது. கனடாவின் ஒன்டாரியோவில் ஆய்வுக்கென ஒதுக்கிய ஒரு ஏரியில் 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை எஸ்ட்ரோஜனை லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம் மட்டும் இருக்கும்படி கலந்தார்கள். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆண்மீன்களின் உடலில் முட்டைக்கருப் புரதம் ஊறியது. அவற்றின் விந்தகத்தில் கோளாறுகள் தோன்றின. அந்தச் சிறுமீன் இனமே ஏரியில் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. இங்கிலாந்தின் ஏர் ஆற்றில் 1990களில் இதேபோல ஆண்மீன்களில் முட்டைக்கருப் புரதம் கண்டபோது, காரணம் கம்பளி ஆலைகள் கழுவப் பயன்படுத்திய சோப்புப் பொருளிலிருந்து உண்டாகும் நோனைல்ஃபீனால் என்று தெரிந்தது. அது எஸ்ட்ரோஜன் இல்லை. எஸ்ட்ரோஜன் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிற ஒன்று. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் துணிக்குச் சாயம் போட்டுக் காவிரிக்கரையில் வாழ்கிற நாம் கேட்டுவைக்க வேண்டிய செய்தி இது.

5

ஏன் எல்லாம் ஆணாக வேண்டும்? ஜிலேபி சீக்கிரமே பருவத்துக்கு வந்து குளத்திலேயே குஞ்சு பொரித்துத் தள்ளும். குளம் நிறையப் பொடி மீன், விலை போகாது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி வேண்டாத மீனாகிப்போனதற்கு இதுவே காரணம். இப்போது பண்ணையில் வளர்ப்பது 1988 முதல் பிலிப்பைன்ஸில் தேர்ந்து வளர்க்கப்பட்ட நைல் திலேப்பியா வகை. அதிலும் ஆண்தான் வேகமாகப் பெருக்கிறது. பெண் பெருக்காததற்கு ஒரு காரணம், சினைக்குச் செலவாகிற சத்து. இன்னொன்று, முட்டையும் குஞ்சும் வாயில் இருக்கிற நாட்களில் தாய் சரியாகச் சாப்பிடுவதில்லை. தாய்மைக்காகப் பட்டினி கிடப்பதுதான் சந்தையில் அதன் குறை.

நாமக்கல்காரர்களுக்கு இது புதுசில்லை. இங்கே தலைகீழாகப் பார்த்திருக்கிறோம். என் சித்தி கொஞ்ச காலம் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் வேலை பார்த்தார். முட்டைக்கோழிக் குஞ்சு பொரித்த அன்றே இறகைப் பார்த்துப் பெட்டை ஒரு பக்கம், சேவல் ஒரு பக்கம். சேவல் முட்டையிடாது, அந்த இனத்தில் கறியும் ஏறாது. ஆகவே கழிவு. சிலதைச் சாயத்தில் முக்கி ரோஸ், பச்சை என்று தெருவில் கூவி விற்பார்கள். சின்ன வயதில் நானும் வாங்கியிருக்கிறேன், ஒரு வாரம் தாங்காது. கோழியில் சேவல் வேண்டாம், மீனில் பெட்டை வேண்டாம்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. நான் பிறந்தபோது நாமக்கல் தனி மாவட்டமாகியிருக்கவில்லை, சேலத்தோடு இருந்தது. 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியதும் சேலத்தில்தான். 1991, 2001 ஆகிய இரண்டு கணக்கெடுப்பிலும் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுவரையுள்ள ஆயிரம் பையன்களுக்குப் பெண் குழந்தைகள் 850 அளவில்தான் இருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு பெண்குழந்தை பிறந்தது என்று ஆத்தா ஒரே ஒருமுறை வாய்தவறிச் சொன்னார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. அவரும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

அந்தக் குழந்தையின் சுரப்பியில் எந்த ஹார்மோன் எந்த வாரத்தில் ஊறியது என்பதற்கும் அதற்கு நேர்ந்ததற்கும் சம்பந்தமில்லை. பால் உருவாவது ஒன்று. அதற்கு விலை வைப்பது வேறொன்று. முதலாவதைச் செய்வது நொதியும் வெப்பமும் தாயின் கருவுணவும். இரண்டாவதைச் செய்வது குத்தகைக் கணக்கும் சீர்வரிசைக் கணக்கும். 'இயற்கை' என்ற ஒரே சொல் இரண்டையும் சேர்த்து மூடிவிடுவதுதான் அதன் அதிகாரம்.

6

நண்பர்களின் சண்டைக்கு வருகிறேன். 'இரண்டுதான், பிறவியிலேயே முடிந்தது' என்றவருக்கு: கொடுவா ஆணாகத் தொடங்கி வயதில் பெண்ணாகிறது, களவா பெண்ணாகத் தொடங்கி ஆணாகிறது. இரண்டும் உங்கள் தட்டுக்கு வந்த மீன்களே. 'எல்லாம் கட்டமைப்பு' என்றவருக்கு: மூன்று வாரம் தாண்டிவிட்டால் அதே மருந்து அதே குஞ்சிடம் பாதிக்கூட எடுபடாது, வளர்ந்த மீனை மாற்றத் தொடர்ந்து பல வாரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. நெகிழ்வு உண்டு, காலமும் உண்டு, அளவும் உண்டு. மீன்கரு நம் தரப்புக்குச் சாட்சி சொல்ல வந்ததில்லை. மனிதக்கரு மீன்கருவும் இல்லை.

அப்படியானால் மீனிடம் கற்க என்ன இருக்கிறது? நன்னூல் படித்தவர்களுக்கு ஒரு வழி சொல்லலாம். பொன்னும் மணியும் சேர்ந்தால் பொன்மணி, இயல்பு என்கிறோம். பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம்; திரிதல் என்கிறோம். ஆனால் இரண்டு இடத்திலும் ஒரு புணர்ச்சி நடந்திருக்கிறது. 'ன்' மாறாமல் நின்றதும் அடுத்து வந்த எழுத்தைப் பொறுத்துத்தான். இயல்பு என்பது ஒன்றும் நடக்காத நிலை இல்லை. அதுவும் ஒரு சந்திப்பின் விளைவு. பெண்ணாகவே நிற்கிற பெண்மீனுக்குள்ளும் அரோமடேஸ் நாள் முழுக்க வேலை செய்துகொண்டிருக்கிறது. மாறிய மீனுக்கு மட்டும் காரணம் கேட்டு, மாறாத மீனுக்குக் காரணம் கேட்காமல் விடுவது அறிவியலும் இல்லை, இலக்கணமும் இல்லை.

இது வெறும் சொல் விளையாட்டில்லை. ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காத உறுப்போடு பிறக்கிற குழந்தைகளைப் பச்சிளம் வயதிலேயே கத்தி வைத்து 'இயல்பாக்கும்' வழக்கம் மருத்துவத்தில் இருந்தது. அதைச் செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்றால் தவிர அதைச் செய்யக்கூடாது என்று தமிழக அரசு ஆணையும் போட்டது. மீனின் பாலைத் திருப்பக் கற்றுத்தந்த அதே மதுரைதான், குழந்தையின் உடலைத் திருப்பாதே என்றும் சொன்னது. இரண்டுக்கும் முரண் இல்லை. எப்படி உருவாகிறது என்று அறிவது அறிவு. யாரைக் கேட்டு மாற்றுகிறாய் என்பது நீதி. இரண்டாவது கேள்விக்கு எந்த மீனும் நமக்காகப் பதில் சொல்லாது.

போன வாரம் மேட்டூர் மீன் வந்தது. அக்கா சொன்னபடியே ரெண்டு எடுத்து வைத்திருந்தார். அம்மா அருவாமணையில் வயிற்றைக் கீறி, மஞ்சளாக இரண்டு பக்கமும் சினை கிடந்ததைப் பார்த்து, "இது தானா வளந்தது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தானாக எதுவும் வளர்வதில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருந்தது.